மூடிய கதவுக்குப் பின்னால்

“மாமா, யார் ஜெயிக்கிறாங்க? சொல்லுங்களேன்!”

இல்சபே மாமாவின் அங்கியைப் பிடித்து இழுத்தாள். பாதிரியாரான மாமா ஹென்னிங் படிப்பறைக் கதவில் காதை ஒட்டவைத்திருந்தார். உள்ளே அவள் அப்பாவும் யோஸ்ட்டும் லத்தீனில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு லத்தீனில் ஒரு வார்த்தையும் தெரியாது.

அப்பா லுடோல்ஃப், ஹெல்ம்ஷ்டெட் பல்கலைக்கழகத்தில் தர்க்கப் பேராசிரியர். அவர் எழுதிய தர்க்க நூலைப் படிக்காமல் அங்கே யாரும் பட்டம் வாங்க முடியாது. வாதத்தில் இதுவரை அவரை ஒருவரும் வென்றதில்லை. யோஸ்ட் பெண் கேட்டு வந்தபோது, “இந்தக் கல்யாணம் நடக்காது. வேணும்னா வாதத்துக்கு வா. கடைசியில எந்தப் பக்கம் நிலைக்குதோ, அதுதான் முடிவு” என்று சொல்லிவிட்டார்.

“மாமா!”

“இரும்மா. யோஸ்ட் பேசறான். தனக்குச் சொத்து இல்லையாம், வேலையும் இல்லையாம்.”

“அதை ஏன் அவரே சொல்றார்?”

“முன்கோபம் வேற உண்டாம். கட்டிக்கிறவ கண்ணீர்தான் விடுவாளாம்.”

இல்சபேயின் முகம் வெளுத்தது. நேற்று தேவாலய வாசலில், “நீ இல்லேன்னா நான் இல்ல” என்றவனா இவன்? அடுப்பில் பீர் ஊற்றிக் காய்ச்சிய கஞ்சி பொங்கி வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பா என்ன சொல்றார்?”

பாதிரியார் தலையைச் சொறிந்தார். “அதாம்மா புரியல. இவனை மாதிரி தங்கமான பையன் ஊர் உலகத்துலயே கிடையாதுங்கறார்!”

“நேத்துதானே கிழிஞ்ச காலுறைப் பயல்னு திட்டினார்?”

“எனக்கே தலை சுத்துது. உங்கம்மாகிட்ட அப்பவே சொன்னேன், தத்துவம் படிச்சவனைக் கட்டிக்காதேன்னு. கேட்டாளா?”

கதவு திறந்தது. அப்பா வியர்வையைத் துடைத்தபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

“என் முன்னாடி நிக்க முடியுமா இவனால? ஒவ்வொரு வாதத்தையும் தூள் தூளாக்கிட்டேன்!”

அவருக்குப் பின்னால் யோஸ்ட், குனிந்த தலை நிமிராமல்.

“தோத்துட்டீங்களா?” இல்சபே அழுதேவிட்டாள்.

“படுதோல்வி” என்றான் யோஸ்ட். “ஆனா, எந்தப் பக்கம் பேசறதுன்னு தேர்ந்தெடுக்கிற உரிமை வாதத்துக்கு வந்தவனுக்குத்தான்னு உங்கப்பா சொன்னார். கல்யாணம் கூடாதுங்கற பக்கத்தை நான் எடுத்துக்கிட்டேன்.”