‘கோ பேக்’ சீட்டுகள்

வின்னிபெக் தேவாலய நிலவறையில் ஆங்கில வகுப்பு. பனி மூடியது போக மிஞ்சிய பாதி ஜன்னல் வழியாக மதிய வெளிச்சம் ஈர பூட்ஸுகளின் மேல் விழுகிறது. ஆசிரியை மார்லீன் பலகையில் ‘கோ பேக்’, அதாவது திரும்பிப் போ, என்று எழுதிவிட்டு, முடியும், வேண்டும், கூடாது என்பதற்கெல்லாம் உள்ள ஆங்கிலச் சொற்களை ஆளுக்கொரு சீட்டாக நீட்டுகிறாள். வந்த சீட்டைச் சேர்த்து வாக்கியம் சொல்ல வேண்டும். “இத பஸ்ல ஒருத்தன் ஓசியிலயே சொல்லிக் குடுத்தான் டீச்சர்,” என்கிறான் எரித்திரியாக்காரன் டெஸ்ஃபாய். வகுப்பு சிரிக்கிறது. மார்லீனுக்குக் காது சிவக்கிறது. வேறு வினையை எடுத்திருக்கலாம். டெஸ்ஃபாய்க்கு வந்தது ‘கேனாட்’. “நான் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது,” என்கிறான், தப்பே இல்லாமல். “சரியா டீச்சர்?” “ரொம்பச் சரி.” அலெப்போவிலிருந்து வந்த நவாருக்கு ‘மைட்’. “ஒருவேளை, நான் திரும்பிப் போனாலும் போவேன்.” யாரும் கேட்காமலே இன்னொரு தடவை சொல்கிறாள். “அந்தச் சீட்ட எனக்கு மாத்திக் குடேன்,” என்கிறான் டெஸ்ஃபாய். “போப்பா, எனக்கு வந்தது.” வகுப்பு முடிந்து சீட்டுகளை அடுக்கினால் ஒன்று குறைகிறது. கோட்டுப் பைக்குள் விட்ட கையை எடுக்காமலே நவார் படியேறுகிறாள். மார்லீன் கூப்பிடவில்லை. வெள்ளை அட்டை ஒன்றைக் கத்தரித்து ‘மைட்’ என்று எழுதுகிறாள். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும் டெஸ்ஃபாய் நிமிராமல் சொல்கிறான்: “ரெண்டா எழுதுங்க டீச்சர்.”