ரெண்டாவது டிஸ்க்

"ரெண்டாவது டிஸ்க்கைக் குடுங்கண்ணே. வாங்காம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

பக்கத்து ஊரான அக்காள்மடத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்த கலைச்செல்வி, பாம்பனில் ஆதில் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"உள்ள வாம்மா. டீ குடி," என்றான் ஆதில்.

"டீ குடிக்கிற நெலமையிலயா வந்திருக்கேன்?"

ஆதிலும் அவள் கணவன் மாரிச்செல்வமும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேக்காளிகள். நான்கு மாதத்துக்கு முன் மாரிச்செல்வத்தின் தம்பி பால்சாமி, அண்ணன் கண்ணெதிரிலேயே வள்ளத்திலிருந்து தவறி விழுந்தான். உடல்தான் கிடைத்தது. அன்று கரையேறிய மாரிச்செல்வம் அப்புறம் கடல் பக்கம் திரும்பவே இல்லை. கடல் தெரிகிற ஜன்னலைக்கூட ஆணி அடித்து மூடிவிட்டான். வீட்டை விட்டு வெளியே வருவதும் நின்றுபோனது.

சவூதியில் தம்மாமிலிருந்து ஊருக்கு வந்த ஆதில், டிவியில் மாட்டி ஆடும் தன்னுடைய பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். "இதை ஆடிக்கிட்டிரு மாரி, மனசு கொஞ்சம் ஆறும்" என்றான். அதுவரைக்கும் அவன் நல்லவன்தான்.

அந்த விளையாட்டில் பெரிய தேசம் ஒன்று இருந்தது. குதிரையில் ஏறி இஷ்டப்பட்ட பக்கம் போகலாம். காடு, மலை, சந்தை எல்லாம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. காலையில் உட்கார்ந்தால் மாரிச்செல்வத்துக்குப் பசிகூடத் தெரியாது.

ஆனால் பாதி தேசம் ஒரு டிஸ்க்கில், மீதி இன்னொரு டிஸ்க்கில். ஆற்றுப் பாலத்தைத் தாண்டப் போனால் படம் அப்படியே நின்றுவிடும், மற்ற டிஸ்க்கைப் போடு என்று கேட்கும். ஆதில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் கொடுப்பான். ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை வாங்க வேண்டும், அதுவும் மாரிச்செல்வமே நேரில் வந்து வாங்க வேண்டும். அப்படி ஒரு கெடுபிடி!

"ஆட்டத்துக்குள்ள இருக்கறப்பதான் அவரு அமைதியா இருக்காரு," என்றாள் கலைச்செல்வி. "நடுவுல நின்னுபோனா தம்பி நெனப்பு வந்துருது. இன்னைக்கு செவுத்துல முட்டி நெத்தி பொடைச்சுப்போச்சு. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா உங்க சொத்தா கரைஞ்சுபோகும்?"

"என் பொருளு, என் இஷ்டம். அவனை வரச் சொல்லு."

அவள் போன் அடித்தது. மாரிச்செல்வம்தான். போனில் அவன் கத்தியது ஆதிலுக்கும் கேட்டது.

"வாங்கிட்டியா கலை? குதிரை பாலத்துலயே நிக்குது!"

ஆதில் போனைப் பிடுங்கினான்.

"ஏலே மாரி, இவகிட்ட தர முடியாது. இன்னும் அரை மணி நேரத்துல வீட்டைப் பூட்டிட்டு ராம்நாடு போறேன். வர ஒரு வாரம் ஆகும். வேணும்னா இப்பவே வா."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தான்.

கலைச்செல்வி போனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "கோவத்துல அவரு என்னத்தையாவது செஞ்சுக்கிட்டா யாருண்ணே பொறுப்பு?"

ஆதில் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். இவளை ஒரு மனுசியாக மதித்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கலைச்செல்வி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கல்லில் நார் உரித்த கதைதான். கடைசியில் பொறுமை போய், அலமாரியில் இருந்த டிஸ்க்கை எட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஆதில் குறுக்கே வந்து கதவைச் சாத்தினான்.

"வச்சிரும்மா."

"மாட்டேன்! சேக்காளியாம் சேக்காளி! அவரு படுற பாட்டை இங்கன நின்னு வேடிக்கை பாக்குறீங்க. நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

அடுப்படியிலிருந்து ஆதிலின் மனைவி மாஷிதா ஓடி வந்தாள். "ஏங்க, அந்தப் புள்ளகிட்ட சொல்லித்தான் தொலைங்களேன்!"

"நீ சும்மா இரு. இவளுக்குத் தெரிஞ்சா மனசு எளகி அவன்கிட்டயே சொல்லிருவா, அப்புறம் அவன் வரவே மாட்டான்."

கதவை ஒரு கையால் பிடித்தபடியே மறுபடி ஜன்னலை எட்டிப் பார்த்தான். சட்டென்று கதவை விட்டான்.

"அங்கன பாரும்மா."

கலைச்செல்வி பார்த்தாள்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையோரமாக மாரிச்செல்வம் வந்துகொண்டிருந்தான். ஓட்டமும் நடையுமாக வந்தான். அலை வந்து காலை நனைத்தது. அவன் ஒதுங்கவில்லை.

அவள் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"மொத தடவை ஆட்டோவுல, கண்ணை மூடிக்கிட்டே வந்தான்," என்றான் ஆதில். "அப்புறம் ரோட்டு வழியா நடந்து வந்தான். உங்க தெருவுல இருக்கற ஒரே ஆட்டோவுல நீ வந்துட்ட, ரோட்டைச் சுத்தி நடந்தா இன்னைக்கு நேரத்துக்கு வர முடியாது. கரை வழிதான் குறுக்கு. வருவானான்னு எனக்கே உசுரு கையில இல்லம்மா. ரெண்டு டிஸ்க்கையும் அன்னைக்கே சேர்த்துக் குடுத்திருந்தா, இன்னும் அந்த ரூமுக்குள்ளயேதான் கெடந்திருப்பான்."

கலைச்செல்வி கையிலிருந்த டிஸ்க்கை ஆதிலின் கையில் வைத்து அழுத்தினாள். முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

முழங்கால் வரை ஈரத்தோடு, ஒன்றாம் டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி மாரிச்செல்வம் வாசலில் நின்றான்.

"ரெண்டையும் தர்றேன்னானா, கலை?"

"எங்கங்க தர்றாரு, கல்நெஞ்சுக்காரரு!" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் நீங்களே நடந்து வந்துதான் மாத்திக்கணுமாம்."