பட்டாசு ஊற்றாத தண்ணீர்

பட்டாசு இன்றைக்கும் அந்த ஒரு கப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

வாய் ஓயாமல் வெடிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நாலு வயசு. ஜன்னலோரம் அவரை விதை போட்ட கப்புகள் வரிசையாக இருந்தன. குட்டிப் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். முயல் என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணின் கப் வந்ததும் எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்துவிட்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புது டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சட்டென்று எழுந்து போய்க் கேட்கவும் முடியாது. இது மாண்டிசோரி வகுப்பு. பிள்ளைகள் தங்கள் கையால் செய்வார்கள், டீச்சர் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். வந்த புதிதில், ஒரு பையன் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுவதைப் பொறுக்காமல் இவள் போட்டுவிட, பெரிய டீச்சர் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க கை சும்மாவே இருக்காதா? அவனுக்கு விரல் இல்லையா?"

அன்றைக்கு அலமாரிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தியதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் இவளுக்கு ஆறுதல்.

முயல் வகுப்புக்குப் புதுசு. முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருக்கும். யாரிடமும் பேசமாட்டாள். அந்தக் கப்பிடம் மட்டும் குனிந்து ஏதோ குசுகுசுப்பாள். அவள் விதை முதலில் முளைத்தால் அந்த வாய் திறந்துவிடும் என்று டீச்சருக்கு ஒரு ஆசை.

அதனால், விதை போட்ட நாளிலிருந்து காலையில் பிள்ளைகள் உள்ளே வருமுன் அந்தக் கப்புக்குக் கொஞ்சம் தண்ணீர். சாயந்தரம் கிளம்புகிற சந்தடியில் இன்னும் கொஞ்சம். பட்டாசு ஊற்றாமல் விட ஆரம்பித்த பிறகு, கை இன்னும் தாராளமாகவே சாய்ந்தது. காலையில் பட்டாசு மட்டும் சீக்கிரம் வந்துவிடுவாள். அவள் அம்மா வேலைக்குப் போகிற வழியில் விட்டுப் போவாள். ஷூ கழற்றுகிறேன் பேர்வழி என்று பட்டாசு வாசலில் அரை மணி உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் மற்ற கப்புகளில் எல்லாம் இலை விட்டாயிற்று. முயலுடையதில் வெறும் மண். நாளைக்கு ஆளுக்கொரு கப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிற நாள். வெறும் மண்ணைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழந்தை எப்படிப் போகும்?

பட்டாசு திரும்பி வந்தாள். கையில் மேசை துடைக்கிற ஸ்பாஞ்சு. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் ஒரு நோட்டம். அதை முயலின் கப்பில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள்.

விதியாவது, பெரிய டீச்சராவது! டீச்சர் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஏய்! விதையை நசுக்கிக் கொல்றியா?"

பட்டாசு ஸ்பாஞ்சை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முயல் ஓடிவந்து கப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சாயந்தரம் பட்டாசின் அம்மாவை நிறுத்தி வைத்தாயிற்று. பெரிய டீச்சரும் வந்து நின்றார்.

"அந்த ஒரு கப்புக்கு மட்டும் தண்ணி ஊத்த மாட்டேங்குறா மேடம். போதாததுக்கு இன்னைக்கு ஸ்பாஞ்சை வச்சு அமுக்குறா. புதுசா வந்த பொண்ணுன்னா அவ்வளவு இளக்காரம்!" புது டீச்சர் படபடத்தாள்.

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஏண்டி, வீட்டுல வாய்தான் நீளம்னு பார்த்தா, இங்க கையும் நீளுதா? சொல்லுடி, ஏன் அப்படிப் பண்ணினே?"

ஊரையே கூட்டுகிற வாய். இன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. பெரிய டீச்சரைப் பார்த்தாள், புது டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

பட்டாசு பூவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க," என்றார் பெரிய டீச்சர். "கொஞ்ச நாளைக்குப் பூவாளியை வேற யாராவது எடுக்கட்டும்."

பட்டாசு பூவாளியை நீட்டினாள். உதடு துடித்தது, ஆனால் அழவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

பெரியவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள். டீச்சர் அவசர அவசரமாக ஒரு டம்ளர் தண்ணீரோடு முயலின் கப்பருகே ஓடினாள்.

ஒரு குட்டிக் கை வந்து டம்ளரின் வாயைப் பொத்தியது.

"வேணாம் டீச்சர்."

"ஏன்? அது செத்தே போகணுமா?"

"காலைல ஊத்துறீங்க, சாயங்காலமும் ஊத்துறீங்க. பாவம், அது முங்கிப் போச்சு. நான் தினமும் ஸ்பாஞ்சை வச்சு எடுக்குறேன், நீங்க மறுபடி மறுபடி ஊத்திடுறீங்க!" பட்டாசின் குரலில் ஒரே சலிப்பு. "உள்ள வெள்ளையா கொஞ்சூண்டு எட்டிப் பாக்குது. நீங்க சும்மா இருந்தா வந்துரும்."

டீச்சர் மண்ணில் விரலை வைத்தாள். விரல் கொழகொழவென்று உள்ளே போயிற்று. ஓரத்தில் நிஜமாகவே வெள்ளையாக ஏதோ ஒன்று வளைந்து தெரிந்தது.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"இதை ஏண்டி செல்லம் அவங்க கேட்டப்ப சொல்லல?"

பட்டாசு வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு டீச்சரின் காதருகே வந்து, அவளுக்குத் தெரிந்த மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சொன்னா பெரிய டீச்சர் உங்களைத் திட்டுவாங்க. நீங்க மறுபடியும் அலமாரிக்குப் பின்னாடி போய் அழுவீங்க."