தலைவர் சத்தியம் செய்கிறார்

"என் கழுத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போங்க, அப்ப வரேன். நானா வந்து சத்தியம் பண்ணிச் சாட்சி சொல்ல மாட்டேன்!"

டிவியில் தலைவர் முழங்கினார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் டெய்லரம்மா.

"பயந்துட்டான்க்கா," என்றான் லாரி ஓட்டும் அவள் தம்பி. "மடியில கனம், வழியில பயம்."

ஆற்றுப் பாலத்தில் விரிசல் கண்டு, இன்ஜினியர் குறுக்கே கட்டை போட்டு மூடியிருந்தார். தலைவரின் பொதுக்கூட்டத்தன்று இன்ஜினியருக்கு ஒரு போன் வந்தது, கட்டை தூக்கப்பட்டது. கூட்டத்துக்கு ஆள் ஏற்றிய பஸ்கள் வரிசையாக ஏற, பாலம் நடுவில் முறிந்து ஆற்றுக்குள் போனது.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த டெய்லரம்மாவின் ஒரே மகளும் அதோடு போனாள். கட்டையைத் தூக்கிவிட்டுப் பாலத்தின் ஓரமாக நின்ற இன்ஜினியரும் போனார். "அன்னிக்கு நான் யாருக்கும் போனே பண்ணலை" என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு தலைவர் மட்டும் மிச்சம் இருந்தார்.

ஊர் இரண்டுபட்டது. "நாட்டை ஆளறவரை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கிறதாவது!" என்று ஒரு கட்சி. "கேக்கட்டுமேய்யா. ஆனா அவர் சத்தியம் பண்ணினா சத்தியத்துக்குத்தான் கேவலம்" என்று சலூனில் பாதி முகத்துச் சோப்பு நுரையோடு இன்னொரு கட்சி.

டெய்லரம்மா யாரோடும் வாதாடவில்லை. தைத்த துணியைக் கொடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம், தலைவரைச் சாட்சி சொல்ல வைக்கக் கேட்கும் மனுவை நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். அதை எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் முன்னால் போய் நின்றாள்.

"அந்தாளு தானா வர மாட்டேங்கிறாரே சார்?"

"கோர்ட்ல கட்டாய உத்தரவு வாங்கிடலாம்மா. வந்தே ஆகணும், கேட்டதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்."

"வந்தா மட்டும் மாட்டிக்குவாரா?"

"அவர் இன்ஜினியருக்குப் போன் பண்ணினதுக்கு ஆதாரம் கையில இருக்கு. என்ன பேசினார்னுதான் தெரியாது. சத்தியம் பண்ணிட்டு வாயைத் திறக்கட்டும், அப்புறம் நான் பார்த்துக்கிறேன்." வழக்கறிஞர் கண் சிமிட்டினார்.

உத்தரவு வந்தது. அன்றைக்குத் தலைவர் வீட்டு வாசலில் தொண்டர்கள் கதறினார்கள். தலைவரும் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை அறையின் கடைசி பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார இடம் கிடைத்தது. மின்விசிறி கடகடத்தது. தலைவர் வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தார்.

"பாலம் விழுந்த அன்னிக்கு இன்ஜினியருக்குப் போன் பண்ணினீங்களா?" வழக்கறிஞர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பண்ணினேன்."

வழக்கறிஞர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்விக்குக் காத்திராமல் தலைவரே தொடர்ந்தார்.

"கட்டையைத் தூக்கச் சொன்னது நான்தான். 'ஐயா, பாலம் தாங்காது, ஜனங்க செத்துப்போவாங்க'ன்னு அந்த மனுஷன் கெஞ்சினார். 'கூட்டம் முடியற வரைக்கும் தாங்கினாப் போதும்யா'ன்னேன். தூக்கலேன்னா வேலை போயிடும்னு மிரட்டினேன். அத்தனை சாவுக்கும் நான்தான் காரணம்."

டெய்லரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். மகளைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"ஒத்துக்கிட்டான்க்கா! எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்!" தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டாக்கா!"

தலைவரின் வக்கீல் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தலைவர் கதவைத் தாண்டினார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

டெய்லரம்மா முன்னால் ஓடினாள்.

"சார், போறாரே! போலீஸ் சும்மா நிக்குதே! எப்ப சார் கைது பண்ணுவீங்க?"

வழக்கறிஞர் நாற்காலியில் சரிந்து கிடந்தார்.

"பண்ண முடியாதும்மா."

"ஏன் சார்? அவர் வாயாலேயே சொன்னாரே!"

"தானா வந்து சொல்லியிருந்தா இப்பவே விலங்கு மாட்டியிருப்பேன். கட்டாயப்படுத்திச் சத்தியம் வாங்கிக் கேட்டா, சொன்னதை வெச்சு அவரைத் தண்டிக்கக் கூடாது. சட்டம் அப்படி. வேற சாட்சியும் ஆத்தோட போயிடுச்சு."

தம்பி வழக்கறிஞரின் மேஜையை ஓங்கித் தட்டினான். "இது தெரிஞ்சேதான் கட்டாய உத்தரவு வாங்கினீங்களா?"

"தெரியும்பா. ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா அந்தச் சட்டம் காப்பாத்தாது. ஜெயில்தான். 'போனே பண்ணலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், ஏழு வருஷம் உள்ளே தள்ளியிருப்பேன். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

டெய்லரம்மாவை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல், வழக்கறிஞர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவர் உண்மையைச் சொல்லுவார்னு நாங்க யாருமே நினைக்கலையேம்மா."