பத்ரியின் சொந்தக் கற்பனை

"கதை, வசனம், டைரக்‌ஷன் எல்லாம் அடியேன்தான். ஒவ்வொரு சீனும் என் சொந்தக் கற்பனை!" பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில், பொங்கல் நாடக ஒத்திகைக்கு வந்திருந்தவர்களிடம் பத்ரி இதைப் பத்தாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாளவிகா ஒரு வெள்ளைக்கார மூதாட்டியோடு உள்ளே நுழைந்தாள். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி சார், வியன்னாக்காரங்க. தனியா போரடிக்குதுன்னாங்க, கூட்டிட்டு வந்தேன்."

"தமிழ் தெரியாதவங்களுக்கு என் டிராமால என்னம்மா புரியும்? ஓரமா உட்காரச் சொல்லு."

ஒத்திகை தொடங்கியது. கதாநாயகி ஜலஜா கணவனின் கடிதத்தைப் படித்து முடித்தாள்.

"இப்போது நாற்காலியை உதைப்பாள்" என்றார் ஆன்ட்டி, ஆங்கிலத்தில்.

ஜலஜா உதைத்தாள்.

"அடுத்து, கடிதத்தைத் தின்பாள்."

ஜலஜா தின்றாள்.

பத்ரி ஆன்ட்டியிடம் ஓடினார். "ஹவ் டு யூ நோ?"

"என் நாவல்தானே? வியன்னாவில் அறுபத்தேழில் நானே மேடையேற்றினேன். கடிதத்தை மட்டும் தின்னக்கூடிய வேஃபரில் செய்து கொடுங்கள். பாவம், அந்தப் பெண்."

பத்ரி தன்னை மறந்து தமிழிலேயே அலறினார். "ஐயையோ! நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நம்பித்தானே காப்பி அடிச்சேன்!"

ஆன்ட்டிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தமிழ் தெரிந்த அத்தனை பேருக்கும் நன்றாகவே புரிந்தது.