இன்னும் ஒரு வரி

ஆரோனின் அந்தப் பாட்டில் கிதார் அடங்கும் இடத்தில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். உடனே அவன், "பொறு, இன்னும் ஒரு வரிதான்" என்று பாடுவான். அவன் இறந்த பிறகும் வருடாவருடம் கூடும் ரசிகர்கள் நாங்கள். அந்த இடம் வந்தால் மேசையைத் தட்டிக் கூச்சல் போடுவோம். தனியாகக் கேட்டாலும் தட்டுவோம். பிறகு சண்டை தொடங்கும்.

"தட்டறது சாவுதான். அதுகிட்ட டைம் கேக்கறான்," என்றான் தீபன்.

"உனக்கு எல்லாமே சாவு. அது போலீஸ்டா. அந்த ஆல்பம் பூரா அரசியல்," என்றாள் ஷெரீன்.

இம்முறை ஆரோனின் மனைவி ரெஜினாவை அழைத்திருந்தோம். காபியைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க மேடம். யார் தட்டறது?"

"நான்தான்," என்றார். "வீட்லதான் ரெக்கார்டிங். உள்பக்கம் தாழ் போட்டிருந்தார். பாப்பாவுக்கு வலிப்பு வந்திருச்சு. கார் சாவி அவர் பாக்கெட்ல இருந்துச்சு."

அவர்களுக்குக் குழந்தையே இல்லை என்றுதான் எல்லாப் பேட்டிகளிலும் படித்திருந்தோம்.

மறுபடி ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. ஒருவர் கையும் எழவில்லை. எங்கள் சத்தம் இல்லாமல் முதல்முறையாக அதைக் கேட்டோம். அவன் குரலுக்கு அடியில், திரும்ப ஏறும் கிதாருக்கும் அடியில், பாட்டு முடியும்வரை ரெஜினா தட்டிக்கொண்டே இருந்தார்.