புது வெர்ஷன்

குன்னூர் மலை ஏறுவதென்றாலே கீர்த்திவாசனுக்கு எரிச்சல்தான் வரும். இன்றைக்கு பர்லியார் தாண்டும்போதே சிரிப்பு வந்தது. ஒரு மோசடியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறோம் என்ற சிரிப்பு.

விஷயம் இதுதான். ஆறுக்குட்டியின் டீ ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. இலை விலை அதலபாதாளத்துக்குப் போய், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பாதித் தோட்டங்களில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை ஒரு ஜெர்மனிக் கம்பெனியின் ஆர்டர். அதுவும் போனால் ஃபேக்டரிக்குப் பூட்டுதான். கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஆர்டரும் பேங்க் விவரமும் ஃபேக்டரியின் வெப்சைட் வழியாகத்தான் வரும், அது பத்திரமானது என்று நிபுணர் ஒருவர் சர்டிபிகேட் தர வேண்டும்.

அந்த நிபுணர்தான் கோயமுத்தூர் கீர்த்திவாசன். அவருடைய லேப்டாப்பில் ஸ்கேனர் என்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. வெப்சைட் ஓடுகிற சர்வரின் கதவைத் தட்டி, 'நீ யார், எந்த வெர்ஷன்?' என்று அது கேட்கும். சர்வரும் வெட்கமில்லாமல் பெயரையும் வெர்ஷன் நம்பரையும் ஒரே வரியில் சொல்லிவிடும். எந்த நம்பருக்கு என்னென்ன ஓட்டை என்ற பட்டியல் ஸ்கேனரிடம் தயாராக இருக்கும். அதே பட்டியல் திருடர்களிடமும் இருக்கும்.

"ஏழு வருஷத்துப் பழசு" என்று முதல் ஸ்கேனிலேயே மூக்கைச் சுளித்திருந்தார் கீர்த்திவாசன். "எவன் வேணும்னாலும் உள்ள பூந்துக்கலாம். பதினஞ்சு நாள்ல புது வெர்ஷன் போடுங்க. போட்டாத்தான் கையெழுத்து."

"ஏனுங்க, அந்த நம்பரை மட்டும் மாத்திட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டார் ஆறுக்குட்டி. போன வருஷத்துத் தூளுக்கு இந்த வருஷத்து லேபிள் ஒட்டிப் பழகிய மனுஷர், வேறு என்ன கேட்பார்?

பதினைந்தாம் நாள் கோயமுத்தூரில் உட்கார்ந்தபடியே ஸ்கேனரை ஓட்டினால், சர்வர் புத்தம் புது நம்பரைச் சொல்கிறது. ஒரு ஸ்க்ரூவுக்குக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிற கஞ்சன் இதற்கு ஆள் வைத்து வேலை பார்த்திருப்பானாக்கும்! லேபிள் ஒட்டுகிற புத்தியை இங்கேயும் காட்டிவிட்டான் என்று முடிவு கட்டினார் கீர்த்திவாசன். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

ஃபேக்டரி ஆபீஸில் இருந்தது இரண்டே பேர். ஆறுக்குட்டியும், அவருடைய ஒரே கிளார்க் சுகுணாவும்.

"உண்மையைச் சொல்லுங்க. நம்பரை மாத்தினது யாரு?"

ஆறுக்குட்டி ஜன்னலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பிறகு அப்படியே உடைந்துபோனார். "நான்தானுங்க சுகுணாகிட்ட மாத்தி வெய்யின்னேன். நாப்பது குடும்பம் பொழைக்குதுங்க. இந்த ஒரு தடவை கண்டுக்காம உட்ருங்க."

சுகுணா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கீர்த்திவாசனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"பேரைக் கேட்டா எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் சொல்லிட்டுப் போலாங்க. ஏடாகூடமாக் கேட்கணும். அப்பத்தான் குட்டு வெளிப்படும்" என்று லேப்டாப்பைத் திறந்தார். தப்பும் தவறுமான பத்துக் கேள்விகளை சர்வருக்கு அனுப்பினார். பழைய வெர்ஷன் அவற்றுக்கு ஒரு மாதிரி பதில் சொல்லும், புதியது வேறு மாதிரி சொல்லும். ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய நிராகரிப்புக் கடிதத்தை அவர் முந்தைய நாளே எழுதி வைத்திருந்தார்.

பத்துக்குப் பத்தும் புது வெர்ஷனின் பதில்கள். லேபிள் மட்டுமல்ல, சரக்கும் புதுசு. பழைய ஓட்டை ஒன்றுகூட பாக்கியில்லை.

கீர்த்திவாசனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் கடுப்பை எங்கே காட்டுவது? ஆறுக்குட்டி மேல்தான்.

"நீங்க திருட்டுவேலை பண்ணச் சொன்னீங்க. இந்தப் பொண்ணு வாயத் திறக்காம ஒழுங்கா வேலையை முடிச்சிருக்கு. உங்க யோக்கியதைக்கு இப்படி ஒரு ஆளு கெடச்சது அதிர்ஷ்டம்" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு ஜெர்மனிக்கு மெயிலில் அனுப்பினார்.

மூன்று மணிக்கெல்லாம் பதில் வந்துவிட்டது. ஆர்டர் உறுதி, பேங்க் விவரங்களை வெப்சைட்டில் ஏற்றியாயிற்று, நன்றி. ஆறுக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கைக்காசில் டீக்குக் கடிக்க வர்க்கி வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்பினார். சுகுணாவின் முகத்தில் மட்டும் குழப்பம் தெளியவில்லை.

கிளம்பும்போது கீர்த்திவாசன் பெருந்தன்மையோடு அவளிடம் கேட்டார். "வெப்சைட் போட்டுக் குடுத்த பையன்தான் பெங்களூர் போயி மூணு வருஷமாச்சாமே. பாஸ்வேர்டை எப்படிம்மா புடிச்சே?"

"எனக்குப் பாஸ்வேர்டே தெரியாதுங்க சார்" என்றாள் சுகுணா. "முதலாளி வைவாரேன்னு சரிங்கன்னு தலையை ஆட்டி வெச்சேன். அந்தப் பக்கமே நான் போகலைங்க. எங்க கஷ்டத்தைப் பாத்து, கோயமுத்தூர்ல இருந்தே நீங்கதான் சரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

கீர்த்திவாசன் ஆறுக்குட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆறுக்குட்டி சுகுணாவைப் பார்த்தார்.

பழைய ஓட்டை வழியாக உள்ளே போய், தனக்குப் பின்னால் வேறு எவனும் பங்குக்கு வந்துவிடாதபடி அதை அடைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்த திருடனுக்குத்தான் கீர்த்திவாசன் சர்டிபிகேட் கொடுத்திருந்தார்.